எம்ஜிபி பிரேக் வார்னிங் சுவிட்ச்: இங்கே கிடைக்கிற சாமானை வச்சு சரி பண்ண முடியுமா?

கீழக்கரை_எம்ஜிபி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுல 1972 எம்ஜிபி, அதான் பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார், ஒண்ணு நிக்குது. அமெரிக்க மாடல், இடது பக்க ஸ்டியரிங். சென்னையில இருந்த வெளிநாட்டுத் தூதரக அதிகாரி ஒருத்தர் ஊருக்குத் திரும்பும்போது ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் வழியா வித்துட்டுப் போன வண்டி. ரெண்டு கை மாறி வாப்பாகிட்ட வந்தது. இன்ஜினும் கியர்பாக்ஸும் நல்லா இருக்கு.

பிரச்சினை பிரேக் வார்னிங் லைட்டுல. மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே ஒரு பித்தளை பிளாக் இருக்கு, பிரேக் பைப் எல்லாம் அதுலதான் வந்து சேருது. அது நடுவுல வெள்ளை நைலான் சுவிட்ச். ஒயரைக் கழட்டினப்போ ஸ்பேடு டெர்மினலோட சுவிட்ச் தலையும் சேர்ந்து கையோட வந்துடுச்சு. நைலான் காய்ஞ்சு பொரிஞ்சு போயிருக்கு, டெர்மினல்ல பச்சைக் களிம்பு. டாஷ்ல இருக்கிற லைட்டை அமுக்கினா எரியுது, அதனால பல்பும் சப்ளையும் சரி.

இங்கிலாந்துல புது சுவிட்ச் கிடைக்குது. ஆனா சாமான் விலையை விட தபாலும் கஸ்டம்ஸும் பல மடங்கு. ஸ்பேர் கடையில விசாரிச்சா, "அம்பாசிடர் ஸ்டாப் லைட் சுவிட்ச் போடுங்க, அதுவும் பிரேக் ஆயில்ல வேலை செய்றதுதானே"ன்னு சொல்றாங்க. போடலாமா?

பாம்பன்_லேத் எழுதியது:

போடாதீங்க பாய். இழை பொருந்தினாலும் அது வேலை செய்யாது. ஸ்டாப் லைட் சுவிட்சுக்கு ஆயில் பிரஷர் வேணும். உங்க பிளாக்ல அந்த ஓட்டைக்கு ஆயிலே வரக்கூடாது.

உள்ளே என்ன இருக்குன்னு சொல்றேன். அமெரிக்காவுல 1968 ஜனவரியிலிருந்து கார்களுக்கு பிரேக் லைன் ரெண்டாப் பிரிஞ்சிருக்கணும், ஒண்ணு போனா டாஷ்ல லைட் எரியணும்னு சட்டம் வந்துச்சு. அதுக்காக எம்ஜிபியில முன் சக்கரம் ஒரு லைன், பின் சக்கரம் ஒரு லைன். ரெண்டும் இந்தப் பித்தளை பிளாக்கோட ரெண்டு முனைக்கு வருது. உள்ளே ஒரு சின்ன ஷட்டில் பிஸ்டன், ரெண்டு பக்கமும் சீல், நடு இடுப்புல ஒரு பள்ளம். பெடலை மிதிச்சா ரெண்டு பக்கமும் ஒரே அழுத்தம், கயிறு இழுக்கிற போட்டியில ரெண்டு அணியும் சமமா இழுக்கிறப்போ நடு முடிச்சு நிக்கிற மாதிரி ஷட்டில் நடுவுல நிக்கும். ஒரு லைன்ல பைப் உடைஞ்சா அந்தப் பக்கம் அழுத்தம் போயிடும், ஷட்டில் அந்தப் பக்கமாத் தள்ளப்படும். பள்ளத்துல உட்கார்ந்திருந்த சுவிட்ச் பின் மேடேறும், காண்டாக்ட் சேரும், லைட் எர்த் ஆகி எரியும்.

ஆக உங்களுக்கு வேணும்கிறது பிரஷர் சுவிட்ச் இல்லை. பின்னை அமுக்கினா காண்டாக்ட் சேர்ற சாதா சுவிட்ச். அதனாலதான் இதுக்கு மாற்றுச் சாமான் போடலாம்னு தைரியமாச் சொல்றேன். பிரேக் ஆயிலைத் தாங்குற வேலை சுவிட்சுக்கு இல்லை, சீலுக்குத்தான்.

ஒண்ணு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. உடைஞ்ச சுவிட்ச் இருந்த ஓட்டைக்குள்ள ஒரு வெள்ளைத் துணியைத் திரிச்சு விட்டு எடுங்க. காய்ஞ்சு வருதா, ஈரமா வருதா?

ஏர்வாடி_டிரைவர் எழுதியது:

தம்பி, அந்த லைட் இல்லாமலே எத்தனையோ அம்பாசிடர், பியட் இந்த ரோட்டுல ஓடியிருக்கு. ஒயரை டேப் சுத்தி ஓரமா விடுங்க, ஓட்டைக்கு ஒரு போல்ட்டை முடுக்குங்க. பெடல் இறங்கினா கால் சொல்லும்.

தங்கச்சிமடம்_டீச்சர் எழுதியது:

ஏர்வாடி அண்ணனுக்கு: பழைய அம்பாசிடர்ல ஒரே லைன். பைப் உடைஞ்சா பெடல் அடியோட தரையில போய் உட்காரும், அது காலுக்குத் தெரியும். ரெண்டு லைன் வண்டியில ஒரு லைன் போனாலும் இன்னொண்ணு பிடிக்கும். பெடல் கொஞ்சம் இறங்கும், வண்டி கொஞ்சம் தள்ளிப் போய் நிக்கும். மெதுவா ஓட்டுறவருக்கு அது உறைக்காமலே போகலாம். பாதி பிரேக்கோட ஓட்டிட்டிருக்கோம்னு தெரியாம ஈசிஆர்ல ஆட்டுக்கூட்டத்துக்கு முன்னாடி அழுத்தி மிதிக்கும்போதுதான் தெரியவரும். அந்த லைட் இருக்கிறதே இதுக்குத்தான்.

போல்ட் முடுக்குறதுல இன்னொரு ஆபத்து. நீளமான போல்ட்டா இருந்தா நுனி ஷட்டில்ல போய் முட்டும். அப்புறம் அது நகரவே நகராது.

கீழக்கரை_எம்ஜிபி எழுதியது:

லேத் காக்கா, துணி ஈரமாத்தான் வந்துச்சு. பழுப்பு நிறம், தொட்டா வழவழன்னு இருக்கு. பிளாக்குக்குக் கீழே பெயிண்டும் பொரிஞ்சு உரிஞ்சிருக்கு.

பாம்பன்_லேத் எழுதியது:

அப்போ சுவிட்சை மறந்துடுங்க. முதல்ல ஷட்டில் சீல். ஆயில் அங்கே வந்திருக்குன்னா ரெண்டுல ஒரு சீலாவது போயிருக்கு. இந்த நிலைமையில புது ஒரிஜினல் சுவிட்ச் போட்டாலும் அதுவும் ஆயில்ல ஊறி ஒழுகும். இதை விட்டுட்டு சுவிட்சை மட்டும் மாத்துறதுக்கு நான் துணை நிக்க மாட்டேன்.

பிளாக்கை வண்டியிலிருந்து கழட்டிடுங்க. எந்தப் பைப் எந்த ஓட்டைன்னு பேப்பர்ல வரைஞ்சு வைங்க, பைப் வாயில எல்லாம் ரப்பர் மூடி. பெயிண்ட் மேல ஒரு சொட்டு ஆயில் விழுந்தாலும் உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க.

அடுத்து முக்கியமானது. சுவிட்ச்ல மிச்சம் இருக்கிற பாகத்தை முழுசா வெளியே எடுத்த பிறகுதான் ஷட்டில்ல கை வைக்கணும். சுவிட்ச் பின் பள்ளத்துல இருக்கும்போதே ஷட்டிலைத் தள்ளினா அந்தப் பின் வெட்டுப்பட்டு துண்டு உள்ளே மாட்டும், பித்தளையைக் கீறிடும். முனையில இருக்கிற பிளக்கைக் கழட்டி, மூங்கில் குச்சியோ மரக்குச்சியோ விட்டு மெதுவாத் தள்ளுங்க. ஸ்குரூடிரைவர் வேண்டாம்.

ஷட்டில் வந்ததும் உள் துளையை வெளிச்சத்துல காட்டிப் பாருங்க. கறை இருந்தா பரவாயில்லை, துணியில போயிடும். நகத்துல தட்டுற மாதிரி குழி இருந்தா எந்த சீல் போட்டும் நிக்காது, வேற பிளாக் தேடணும். பிளக்குக்கு அடியில செம்பு வாஷர் இருக்கும். புதுசு கிடைக்கலன்னா அதையே செக்கச்செவேல்னு காய்ச்சி தண்ணியில போடுங்க, இளகிடும், மறுபடி உட்காரும்.

தொண்டி_அம்பாசிடர் எழுதியது:

சீலுக்கு எங்கேயும் அலைய வேண்டாம். மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகு ஸ்பேர் கடையில எல்லா அளவிலயும் ஓ-ரிங் இருக்கு.

தங்கச்சிமடம்_டீச்சர் எழுதியது:

அளவு கிடைக்கும், ரகம் கிடைக்காது. போட் கடையில டீசலுக்கும் இன்ஜின் ஆயிலுக்கும் வச்சிருக்கிற ஓ-ரிங் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் கிளைக்கால் வகை. அதுல நைட்ரைல் ஊறி உப்பிடும், ஷட்டில் துளைக்குள்ளேயே இறுகிப் பிடிச்சுக்கும். லைட்டும் எரியாது, பிளாக்கைத் திரும்பத் திறக்கிறதும் பெரும்பாடு. ஈபிடிஎம் ரப்பர்னு கேட்டு வாங்கணும். பிரேக் சாமான் விக்கிற கடையில மாஸ்டர் சிலிண்டர் கிட்டுகளைப் பிரிச்சு அளவு பார்க்கிறது இன்னும் நல்லது. பிரேக்ஸ் இந்தியா கம்பெனி 1962லேர்ந்து இதே சென்னையில பிரேக் சாமான் செய்றாங்க, பழைய வண்டிகளுக்கான கிட் புதுப்பேட்டையில தேடினா மாட்டும்.

ஈபிடிஎம்முக்கு எதிரி மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல், கிரீஸ். நம்ம பட்டறைகள்ல எதைக் கழட்டினாலும் முதல் வேலையா டீசல் சட்டியில போடுறது பழக்கம். இந்த பிளாக்கை அதுல போடாதீங்க. ஸ்பிரிட்லயோ புது பிரேக் ஆயில்லயோ கழுவுங்க. சீலை மாட்டும்போது பிரேக் ஆயிலைத் தொட்டு மாட்டுங்க. உதடு வச்ச சீலா இருந்தா ரெண்டு உதடும் வெளிமுனையைப் பார்த்து இருக்கணும். பழசைக் கழட்டும்போதே ஒரு போட்டோ எடுத்துக்கங்க.

தொண்டி_அம்பாசிடர் எழுதியது:

சரி, ரப்பர் விஷயத்தை டீச்சர் சொன்னபடியே எடுத்துக்கறேன். ஆனா இவ்வளவு பாடு எதுக்குன்னுதான் கேக்கறேன். இப்போ வர்ற கார் எல்லாத்துலயும் ஆயில் டப்பாவுலேயே மிதவை சுவிட்ச் இருக்கு. லெவல் இறங்கினா லைட் எரியும். அந்த மாதிரி மூடி ஒண்ணைத் தேடி எம்ஜிபி டப்பாவுல பொருத்திட்டு, பித்தளை பிளாக்கைத் தூக்கிட்டு டீ ஜாயிண்ட் போட்டுடலாம். ஷட்டிலும் இல்லை, சீலும் இல்லை, ஒழுகவும் வழியில்லை.

பாம்பன்_லேத் எழுதியது:

தொண்டி அண்ணே, மிதவை நல்ல சாமான்தான், மறுக்கல. ஆனா அது பார்க்கிறது ஆயில் மட்டத்தை. மாஸ்டர் சிலிண்டருக்குள்ள ஒரு பக்கக் கப் வாஷர் தேஞ்சு ஆயில் உள்ளுக்குள்ளேயே திரும்ப ஓடினா டப்பாவுல ஒரு சொட்டு குறையாது, மிதவை ஆடாம நிக்கும். அந்த லைன்ல அழுத்தம் இருக்காது. அதை ஷட்டில்தான் காட்டும்.

மறுபக்கமும் உண்டு. பின் சக்கர சிலிண்டர்ல கொஞ்சம் கொஞ்சமாக் கசிஞ்சா அழுத்தம் கடைசி வரைக்கும் நிக்கும், ஷட்டில் அசையாது. அதை மிதவைதான் முன்னாடியே சொல்லும்.

தங்கச்சிமடம்_டீச்சர் எழுதியது:

அப்போ ரெண்டையும் வச்சுக்கலாமே. ரெண்டுமே லைட்டை எர்த் பண்ற வேலைதான். மிதவை ஒயரை ஷட்டில் சுவிட்ச் ஒயரோட பேரலலா சேர்த்தா போதும், ரிலே கிலே எதுவும் வேண்டாம். எது சேர்ந்தாலும் அதே லைட் எரியும்.

டப்பாவுக்குள்ள முன்லைனுக்கும் பின்லைனுக்கும் நடுவுல ஒரு தடுப்பு இருக்கும். ஆயில் அந்தத் தடுப்பு விளிம்புக்கு இறங்கறதுக்கு முன்னாடியே மிதவை காண்டாக்ட் சேரணும். மூடியில காத்துத் துளை அடைபடாம இருக்கணும். இது ரெண்டும் அமையலன்னா மிதவையை விட்டுடுங்க. மிதவையை நம்பி பிளாக்கைத் தூக்குறதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன்.

கீழக்கரை_எம்ஜிபி எழுதியது:

பிளாக்கை இறக்கிப் பிரிச்சாச்சு. உள் துளை சுத்தமா இருக்கு. ஒரு பக்க சீல் பாறை மாதிரி ஆகாம இன்னும் இளக்கமாவே இருக்கு, இன்னொண்ணு விளிம்புல கிழிஞ்சிருக்கு. சீலுக்கு சென்னைக்குச் சொல்லி விட்டிருக்கேன். இப்போ சுவிட்சுக்கு வரலாமா? கதவு சுவிட்ச் ஒண்ணு கையில இருக்கு, பின்னும் ஏறக்குறைய அதே தடிமன்.

தங்கச்சிமடம்_டீச்சர் எழுதியது:

கதவு சுவிட்ச் ஆகாது. கதவு மூடியிருக்கும்போது பின் அமுங்கும், லைட் அணையும். கதவு திறந்தா பின் வெளியே வரும், லைட் எரியும். உங்களுக்கு வேணும்கிறது இதுக்கு நேர் எதிர். பெடல் மேல இருக்கிற ஸ்டாப் லைட் சுவிட்சும் அதே கதை, பெடல் மேல நிக்கும்போது பின் அமுங்கி காண்டாக்ட் பிரிஞ்சிருக்கும். ஃப்ரிட்ஜ் கதவு சுவிட்சும் அப்படித்தான்.

சரியான திசையில வேலை செய்றது கியர்பாக்ஸ்ல இருக்கிற ரிவர்ஸ் லைட் சுவிட்ச். ரிவர்ஸ் போட்டா உள்ளே ஒரு தண்டு வந்து குண்டை அமுக்கும், காண்டாக்ட் சேரும். ஆனா எல்லா வண்டியிலயும் அப்படி இல்லை, சிலதுல தண்டு விலகும்போது சேர்ற மாதிரி வச்சிருப்பாங்க. கடையில நின்னே மல்டிமீட்டரை வச்சுப் பாருங்க. சும்மா இருக்கும்போது பீப் வரக்கூடாது, குண்டை அமுக்கினா வரணும். மாருதி, டாட்டா எதுவா இருந்தாலும் பரவாயில்லை, உடம்பு இரும்போ பித்தளையோ, இந்த பீப்தான் கணக்கு. ரெண்டு டெர்மினல் உள்ளதா எடுங்க. ஒண்ணை எர்த்துக்குத் தனி ஒயரா இழுத்துடலாம், உப்புக்காத்துல உடம்பு வழி எர்த்தை நம்ப வேண்டாம்.

பாம்பன்_லேத் எழுதியது:

டீச்சர் சுவிட்சைச் சொல்லிட்டாங்க, பொருத்துறதை நான் சொல்றேன்.

அந்த ஓட்டை 3/8 யுஎன்எஃப், அதாவது அங்குல அளவுல வர்ற நுண் இழை, அங்குலத்துக்கு 24 இழை. வெளி விட்டம் 9.5 மில்லி சொச்சம். மில்லி அளவுல வர்ற எம்10 நுண் இழை இதுக்கு ரொம்பக் கிட்ட வரும், ரெண்டு சுத்து கடிக்கவும் செய்யும். அந்த ஆசையில முடுக்கினா பித்தளை இழை போச்சு, பிளாக்கும் போச்சு. எந்த இழையா இருந்தாலும் கையால முழுசா இறங்கணும், ஸ்பானர் கேட்டா அது வேற இழை.

ரிவர்ஸ் சுவிட்ச் உடம்பு இந்த ஓட்டையை விடப் பெருசு. அதனால நடுவுல ஒரு அடாப்டர் வேணும். பித்தளை அறுகோணக் கம்பியில கடையலாம். கீழ்முனையில 3/8 யுஎன்எஃப் வெளி இழை, மேல்முனையில சுவிட்சோட இழைக்கு உள் இழை, நடுவுல பின் ஓடுறதுக்குத் துளை. 24 இழை வெட்ட வசதி இல்லாத பட்டறைன்னா ஒரு குறுக்கு வழி இருக்கு. அம்பாசிடர் பிரேக் பைப் நட் வாங்குங்க. அதே 3/8 யுஎன்எஃப், நடுவுல 3/16 அங்குல பைப் போற துளை தயாரா இருக்கு. அந்தத் துளையே பின்னுக்கு வழி. நட்டோட தலைக்கு மேல ஒரு பித்தளைக் கிண்ணம் கடைஞ்சு வெள்ளிப் பற்று வச்சுட்டா அடாப்டர் ஆச்சு. அலுமினியத்துல செய்யச் சொல்லி யாராவது சொன்னா கேக்காதீங்க. பித்தளையோட அலுமினியம் சேர்ந்து உப்பும் பட்டா, ஒரு கச்சான் காத்து சீசன் தாங்காது, வெள்ளையாப் பொடிஞ்சுடும்.

பின்னை டெல்ரின்ங்கிற கெட்டிப் பிளாஸ்டிக்லயோ நைலான்லயோ கடைங்க. நுனி உருண்டையா இருக்கணும், உடைஞ்ச ஒரிஜினல் நுனியைப் பார்த்து அதே மாதிரி. பின் நீளம்தான் முழு வேலையும். ஷட்டிலை நடுவுல வச்சு பின்னை இறக்கிட்டா, பின் தலைக்கும் சுவிட்ச் குண்டுக்கும் நடுவுல அரை மில்லி இடைவெளி இருக்கணும். ஷட்டில் நகர்ந்தா பின் எவ்வளவு ஏறும்ங்கிறது பள்ளத்தோட ஆழத்தைப் பொறுத்தது, வெர்னியர் காலிப்பரோட பின்பக்கக் கம்பியால அளந்துக்கங்க. அந்த ஏற்றத்துல அரை மில்லி கழிச்சது போக மிச்சத்துல சுவிட்ச் சேரணும், ஆனா குண்டு அடியில போய் முட்டவும் கூடாது. நீளமாக் கடைஞ்சு கொஞ்சம் கொஞ்சமாத் தேச்சுக் குறைங்க.

கீழக்கரை_எம்ஜிபி எழுதியது:

ஒரு சந்தேகம் காக்கா. ரிவர்ஸ் சுவிட்ச் ஸ்பிரிங் ஒரிஜினலை விட ரொம்ப முரடா இருக்கு. ஷட்டில் அதை மீறித் தள்ளுமா?

பாம்பன்_லேத் எழுதியது:

தள்ளும். ஷட்டில் விட்டம் 8 மில்லின்னே வைங்க, பரப்பு அரை சதுர செ.மீ. ஒரு பக்கம் அழுத்தம் சுத்தமாப் போய், மறுபக்கம் சதுர செ.மீக்கு 20 கிலோ இருந்தாலே 10 கிலோ தள்ளுவிசை. அழுத்தி மிதிச்சா அதைப் போல ரெண்டு மூணு பங்கு வரும். சுவிட்ச் ஸ்பிரிங்கைக் கட்டை விரலால அமுக்க முடியுதுல்ல, அது ஒரு பொருட்டே இல்லை. ஆனா அந்த அரை மில்லி இடைவெளி இல்லாம ஸ்பிரிங் எப்பவும் பின்னை அமுக்கிட்டே இருந்தா, பள்ளத்து விளிம்புல தடம் விழும். அது வேண்டாம்.

அடாப்டரை முடுக்கும்போது பலம் காட்டாதீங்க. ஒரிஜினல் நைலான் சுவிட்சுக்குச் சொல்ற முறுக்கு 1.7 நியூட்டன் மீட்டர் அளவுதான், விரல் நுனியில பிடிச்சு முடுக்குற அளவு. பித்தளை கொஞ்சம் கூடத் தாங்கும், இருந்தாலும் அங்கே எதையும் அடைச்சு வைக்க வேண்டிய தேவை இல்லை. டெஃப்லான் டேப்பும் சுத்தாதீங்க. என்னைக்காவது சீல் ஒழுகினா அந்த இழை வழியா வெளியே கசிஞ்சு உங்க கண்ணுல படட்டும்.

தங்கச்சிமடம்_டீச்சர் எழுதியது:

ஒயருக்கு: வெள்ளீயம் பூசின செம்பு இழை ஒயர் போட் எலக்ட்ரிக்கல் கடையில கேட்டா கிடைக்கும். போட் சாமான் இங்கே கண்டிப்பா உதவும். டெர்மினலைக் கிரிம்ப் பண்ணி, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டு, மேல சிலிக்கான் கிரீஸ். ரப்பர் தொப்பி ஒண்ணும் போடுங்க. கச்சான் அடிக்கிறப்போ பாம்பன் பாலத்துல பத்து நிமிஷம் வண்டியை நிறுத்தினாலே பானட்டுக்குள்ள உப்புப் படியுது, அரிச்சல்முனை ரோட்டைச் சொல்லவே வேண்டாம்.

கீழக்கரை_எம்ஜிபி எழுதியது:

சீல் வந்துடுச்சு, ஈபிடிஎம்தான். லேத் காக்கா சொன்ன அம்பாசிடர் நட் வழியிலேயே ராமநாதபுரம் பட்டறையில அடாப்டர் செஞ்சாச்சு. நட் கையாலேயே அடி வரைக்கும் இறங்குது. பிளாக் வண்டியில ஏறிடுச்சு. இப்போ பைப்ல இருக்கிற காத்தை வெளியேத்த பிளீடிங் பண்ணணும். சுவிட்சை மாட்டிட்டுப் பண்றதா, கழட்டி வச்சா?

பாம்பன்_லேத் எழுதியது:

கழட்டி வச்சுட்டுப் பண்ணுங்க. பிளீடிங் அப்போ ஒரு பக்க நிப்பிள், அதான் சக்கரத்துக்கிட்ட காத்து வெளியேத்துற திருகு, திறந்திருக்கும், ஷட்டில் அந்தப் பக்கம் ஓடப் பார்க்கும். இன்னொரு அம்பாசிடர் நட் துளையில ஒரு கம்பியை நிலையா பற்று வச்சு, நுனி பள்ளத்துல போய் நிக்கிற மாதிரி ஒரு பூட்டு செஞ்சு சுவிட்சுக்குப் பதிலா அதை முடுக்கிட்டீங்கன்னா ஷட்டில் நடுவுலயே நிக்கும். பெடலை நிதானமா மிதிக்கச் சொல்லுங்க. வேலை முடிஞ்சு பூட்டை எடுத்துட்டு சுவிட்சை மாட்டுங்க. டாட் 4 புது டப்பா, அன்னைக்கு உடைச்சதா இருக்கட்டும். இந்தக் காத்து ஈரத்துக்கு, திறந்து வச்ச டப்பாவை நம்பக் கூடாது.

அப்புறம் சோதனை. இதைச் செய்யாம வண்டியை ரோட்டுல இறக்காதீங்க. இக்னிஷன் ஆன், வண்டி நிக்கிற இடத்துலயே. முன் சக்கர நிப்பிள் ஒண்ணுல டியூப் மாட்டி பாட்டில்ல விட்டு, நிப்பிளைத் திறந்து பெடலை மிதிங்க. லைட் எரியணும். நிப்பிளை மூடுங்க. லைட் எரிஞ்சுட்டே இருக்கும், ஷட்டில் தானாத் திரும்பாது. இப்போ பின் சக்கர நிப்பிளைத் திறந்து பெடலை மெள்ள மெள்ள அமுக்குங்க. ஒரு சின்னத் தட்டு காலுக்குத் தெரியும், லைட் அணையும். அந்த இடத்துல காலை அப்படியே நிறுத்தி நிப்பிளை மூடச் சொல்லுங்க. அதுக்கு மேல மிதிச்சா ஷட்டில் மறுபக்கம் போயிடும். அடுத்து பின் பக்கத்துக்கு இதே சோதனை. ரெண்டு பக்கமும் எரிஞ்சாத்தான் பாஸ்.

கீழக்கரை_எம்ஜிபி எழுதியது:

முன் பக்கம் திறந்தப்போ எரிஞ்சது. பின் பக்கம் திறந்தப்போ எரியல. மீட்டர்ல பார்த்தா சுவிட்ச் சேரவே இல்லை.

பாம்பன்_லேத் எழுதியது:

பள்ளத்தோட ரெண்டு விளிம்பும் ஒரே அளவு தேய்மானத்துல இருக்காது, அந்தப் பக்கம் ஏற்றம் குறைவா இருக்கும். இடைவெளியைக் குறைக்கணும். சுவிட்சுக்கு அடியில செம்பு வாஷர் போட்டிருந்தா அதைக் கொஞ்சம் மெலிசா மாத்துங்க, சுவிட்ச் கீழே இறங்கும். பின்னை மாத்தத் தேவை இருக்காது. ஆனா ஷட்டில் நடுவுல இருக்கும்போது அந்தக் கொஞ்சம் ஆட்டம் மிச்சம் இருக்கான்னு கட்டாயம் பாருங்க.

கீழக்கரை_எம்ஜிபி எழுதியது:

வாஷரை எண்ணெய்க் கல்லுல தேச்சு மெலிசாக்கினேன். இப்போ ரெண்டு பக்கமும் எரியுது. அந்தத் தட்டும் காலுக்குத் தெளிவாத் தெரிஞ்சது. ஏர்வாடி வரைக்கும் போயிட்டு வந்து ஓட்டைக்குப் பக்கத்துல வெள்ளைத் துணி வச்சுத் துடைச்சேன், காய்ஞ்சுதான் இருக்கு. மிதவை மூடிக்கு இன்னும் தேடிட்டிருக்கேன், நம்ம டப்பா வாய் அளவுக்கு எதுவும் அமையல. டீச்சர், காக்கா, ரொம்ப நன்றி. தொண்டி அண்ணே, மூடி கிடைச்சா உங்ககிட்டதான் முதல்ல சொல்லுவேன்.

தொண்டி_அம்பாசிடர் எழுதியது:

சந்தோஷம் தம்பி. மிதவைதான் முதல்ல காட்டும்கிற என் கட்சியில மாத்தம் இல்லை. அடுத்த வாரம் மதுரை போறேன், உங்க டப்பா வாய் விட்டத்தையும் இழைப் புரியையும் அளந்து போடுங்க, பார்த்துட்டு வர்றேன்.

சாயல்குடி_கராஜ் எழுதியது:

நானும் இதே மாதிரி பிளாக் இருக்கிற ஒரு டிரையம்ஃப் கார் வச்சிருக்கேன். லேத் அண்ணே, அடாப்டர் படத்தைப் போட்டா அதே அளவுல இங்கே கடைஞ்சுக்குவேன்.

பாம்பன்_லேத் எழுதியது:

அடாப்டர் படம் போடுறேன், பின் நீளம் மட்டும் போட மாட்டேன். அது உங்க ஷட்டில் பள்ளத்தையும் நீங்க வாங்குற சுவிட்சையும் பொறுத்தது, ஒரு வண்டி அளவு இன்னொண்ணுக்கு ஒத்துவராது. பிளாக்கைக் கழட்டி சுவிட்சோட பட்டறைக்குக் கொண்டு வாங்க, கையோட அளந்து கடைஞ்சு தர்றேன். வர்றதுக்கு முன்னாடி அந்த வெள்ளைத் துணிச் சோதனையைப் பண்ணிட்டு வாங்க தம்பி. ஈரமா இருந்தா சீலையும் வாங்கிட்டே வந்துடுங்க.